புரோஇன்சுலினை எந்தக் கத்தியால் வெட்டுவது?

இன்சுலினின் முன்னோடியான புரோஇன்சுலினைப் பாக்டீரியாவிலோ ஈஸ்ட்டிலோ உற்பத்தி செய்தாயிற்று. அது ஒழுங்காக மடிந்து, கந்தகத்தால் பிணைக்கும் மூன்று டைசல்பைடு பாலங்களும் அமைந்துவிட்டன. இனி அதை வெட்டி இன்சுலினாக்க வேண்டும். எந்த என்சைமை எடுப்பது? பெரும்பாலோர் உறைபெட்டியில் எப்போதும் கிடக்கும், புரதங்களை வெட்டும் டிரிப்சினை எடுத்துவிட்டு, அப்புறம்தான் யோசிக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் தடவை இரவு முழுக்க வெட்டட்டும் என்று விட்டுவிட்டுப் போய்விட்டேன். காலையில் பார்த்தால், கலவையின் கூறுகளைத் தனித்தனி முகடுகளாகக் காட்டும் எச்.பி.எல்.சி. வரைபடத்தில் ஒரு முகடு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்தாறு. டிரிப்சின் மேல் குற்றம் சொல்ல முடியாது. லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் எங்கெல்லாம் கைக்கு எட்டினவோ அங்கெல்லாம் வெட்டியிருந்தது.

அதனால் என்சைம்களை ஒப்பிடுவதற்கு முன்னால் மூலக்கூறை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மனித புரோஇன்சுலினில் 86 அமினோ அமிலங்கள். முதல் 30 பி சங்கிலி. அதன்பின் இரண்டு ஆர்ஜினின்கள். பிறகு 31 அமினோ அமிலம் கொண்ட சி-பெப்டைடு. பிறகு ஒரு லைசின், ஒரு ஆர்ஜினின். கடைசியாக 21 அமினோ அமிலம் கொண்ட ஏ சங்கிலி. இந்த 86-இல் லைசினும் ஆர்ஜினினுமாகச் சேர்த்து எண்ணினால் மொத்தம் ஆறுதான். சி-பெப்டைடில் ஒன்றுகூட இல்லை, ஏ சங்கிலியிலும் இல்லை. சி-பெப்டைடு இரு சங்கிலிகளோடும் சேரும் இரண்டு சந்திப்புகளிலும் இருக்கும் நான்கும் வெட்டி எறியப்பட வேண்டியவை. மீதி இரண்டு, பி22 ஆர்ஜினினும் (பி சங்கிலியில் 22-ஆவது) பி29 லைசினும், இன்சுலினுக்குள்ளேயே இருக்க வேண்டியவை.

முடிவெடுப்பதெல்லாம் இந்த இரண்டைச் சுற்றித்தான். நான்கை வெட்டத் தெரிந்த என்சைம்கள் நிறைய உண்டு. இரண்டை விட்டுவைக்கத் தெரிந்தது எது என்பதுதான் பார்க்க வேண்டியது.

டிரிப்சினிடமிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் அதோடு ஒப்பிட்டுத்தான் பேசுகிறோம். 1967-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஸ்டெய்னர் புரோஇன்சுலினைக் கண்டறிந்தார். சில ஆண்டுகளிலேயே, 1971-இல், டிரிப்சினும், சங்கிலியின் வால் நுனியிலிருந்து அமினோ அமிலங்களைச் சீவும் கார்பாக்சிபெப்டிடேஸ் பி-யும் சேர்ந்தால் சோதனைக் குழாயிலேயே புரோஇன்சுலினை இன்சுலினாக்கிவிடலாம் என்று அவருடைய குழு காட்டியது. அந்த ஜோடி இன்றுவரை வழக்கில் இருக்கிறது.

டிரிப்சினின் வினைக்குழியின் அடியில் எதிர்மின்னூட்டம் கொண்ட ஓர் அஸ்பார்ட்டேட் உட்கார்ந்திருக்கிறது. நேர்மின்னூட்டமுள்ள லைசினோ ஆர்ஜினினோ அதற்குள் நுழைந்தால், அதற்கு அடுத்த பிணைப்பு வெட்டப்படும். ஆர்ஜினின் மேல் கொஞ்சம் பிரியம் அதிகம். அடுத்து புரோலின் வந்தால் பெரும்பாலும் தொடாது. மற்றபடி அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை அது பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. தளப்பொருளின் தனித்தன்மை என்று பாடப்புத்தகம் சொல்வது இங்கே ஒரே ஓர் எழுத்தை, அதாவது ஒரே ஓர் அமினோ அமிலத்தை, படிக்கும் அளவுக்குத்தான். ஆறு இடமும் அதற்கு ஒன்றுதான்.

அப்படியிருந்தும் இந்த வழி வேலை செய்கிறதே, எப்படி? மூலக்கூறு மடிந்திருப்பதுதான் காரணம். சந்திப்புகள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டு நெகிழ்ந்து கிடக்கின்றன. பி22 ஆர்ஜினினைச் சுற்றியிருக்கும் பகுதி மடிப்பின் இறுக்கத்தில் இருக்கிறது. ஆகவே சந்திப்புகள் வேகமாக வெட்டுப்படும், பி22 மெதுவாக. இந்த வேக வித்தியாசத்தை நம்பித்தான் ஆட்டமே நடக்கிறது. மடியாத புரோஇன்சுலின் கொஞ்சம் கலந்திருந்தாலும், மடிப்பைக் குலைக்கும் யூரியாவை முழுவதும் நீக்காமல் விட்டாலும் அந்த வித்தியாசம் சுருங்கிவிடும். பி22-இல் வெட்டு விழுந்தால் பி சங்கிலியின் கடைசி எட்டு அமினோ அமிலங்கள் கழன்றுவிடும். மிஞ்சுவதற்கு இன்சுலின் செயல்திறன் கிட்டத்தட்ட இல்லை.

உண்மையான தொல்லை பி29-இல். அந்த லைசினுக்கு அடுத்து திரியோனின், அதற்கடுத்து இரண்டு ஆர்ஜினின்கள். வால் முழுக்க நெகிழ்வானது, மறைவில்லை. டிரிப்சின் அங்கே வெட்டினால் 30-ஆவது திரியோனின் இல்லாத இன்சுலின் கிடைக்கும். அது செயல்படும், ஆனால் மனித இன்சுலின் அல்ல. ஒரே ஒரு அமினோ அமிலம்தான் குறைகிறது என்பதால் பிரித்தெடுப்பதும் எளிதல்ல.

இதில் கார்பாக்சிபெப்டிடேஸ் பி-யின் பங்கைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். டிரிப்சின் வெட்டிய பிறகு ஒட்டிக்கொண்டிருக்கும் ஆர்ஜினின்களைச் சுத்தம் செய்யும் துடைப்பம் என்றுதான் அதை நினைக்கிறார்கள். ஆனால் வால் நுனியில் ஆர்ஜினின்கள் இருக்கும்வரை லைசின்–திரியோனின் பிணைப்பு சங்கிலியின் உள்ளே இருக்கும் ஒரு பிணைப்பு, டிரிப்சினுக்குப் பிடித்தமானது. அவை சீவப்பட்டதும் அதே பிணைப்பு சங்கிலியின் கடைசிப் பிணைப்பாகிவிடுகிறது. கடைசிப் பிணைப்பை வெட்டுவதில் டிரிப்சின் மகா சோம்பேறி. ஆக, கார்பாக்சிபெப்டிடேஸ் பி-யைத் தொடக்கத்திலேயே, தாராளமாகச் சேர்த்தால் அது பி29-க்குக் காவலும் ஆகிறது. டிரிப்சின் முடித்த பிறகு இதைச் சேர்க்கலாம் என்று இரண்டு கட்டமாகச் செய்வதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். துடைப்பமாக அதன் வேலையும் அழகானதுதான்: லைசினையும் ஆர்ஜினினையும் மட்டுமே நுனியிலிருந்து எடுக்கும், திரியோனினைக் கண்டதும் நின்றுவிடும்.

இந்த ஜோடியில் வாங்கும் சரக்கின் தூய்மை முக்கியம். கணையத்திலிருந்து எடுத்த டிரிப்சினில் துளி கைமோடிரிப்சின் இருந்தால் போதும், பி24, பி25-இல் இருக்கும் பினைல்அலனின்களுக்கும் பி26 டைரோசினுக்கும் ஆபத்து. டி.பி.சி.கே. இட்டுக் கைமோடிரிப்சினை முடக்கிய டிரிப்சினையோ மரபணு மாற்று வழியில் தயாரித்ததையோ வாங்குங்கள். அதேபோல கார்பாக்சிபெப்டிடேஸ் பி-யில் கார்பாக்சிபெப்டிடேஸ் ஏ கலந்திருந்தால், அது ஏ சங்கிலியின் கடைசியிலுள்ள அஸ்பராஜினையே கழற்றிவிடும். இதைக் கண்டுபிடிக்காமல் டிரிப்சினையே திட்டிக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும்.

பி29-ஐ வேறு விதமாகவும் மறைக்கலாம். சிட்ரகோனிக் அன்ஹைட்ரைடு லைசின்களின் அமினோ தொகுதியை மூடிவிடும். அப்போது டிரிப்சின் கண்ணுக்கு ஆர்ஜினின் மட்டுமே தெரியும். சந்திப்பிலிருக்கும் 64-ஆவது லைசினும் மூடப்படும்தான், ஆனால் அதற்கு அடுத்த ஆர்ஜினின் திறந்தே இருப்பதால் கவலையில்லை. வேலை முடிந்ததும் மிதமான அமிலத்தில் மூடி கழன்றுவிடும். திரியோனின் இழப்பு குறையும், கூடவே இரண்டு படிகள் அதிகமாகும். சிறிய அளவில் செய்கிறவர்களுக்கு இது தேவையா என்றால், எனக்குச் சந்தேகம்தான்.

அடுத்த வேட்பாளர் லைசினுக்குப் பின்னால் மட்டும் வெட்டும் என்சைம்கள். அக்ரோமோபாக்டர் லிடிகஸ், லைசோபாக்டர் என்சைமோஜீன்ஸ் ஆகிய பாக்டீரியாக்களிலிருந்து வருபவை, புழக்கத்தில் லைஸ்-சி என்று பெயர். ஆர்ஜினினை இவை சீண்டாது. ஆகவே பி22 பற்றிய பயம் அடியோடு போய்விடுகிறது. 4 மோலார் யூரியாவிலும் வேலை செய்யும் தெம்பு உண்டு.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இயற்கையான மனித புரோஇன்சுலினை இதனிடம் கொடுத்துப் பாருங்கள். பி29-க்குப் பின்னால் வெட்டும், 64-ஆவது லைசினுக்குப் பின்னால் வெட்டும். விளைவு: பி சங்கிலியில் திரியோனின் இல்லை, ஏ சங்கிலியின் தலையில் 65-ஆவது ஆர்ஜினின் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் தப்பு. கார்பாக்சிபெப்டிடேஸ் பி வால் பக்கம்தான் சீவும், தலைப் பக்கத்து ஆர்ஜினினை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

அப்படியென்றால் என்சைமை விட்டுவிடுவதா? முன்னோடியை மாற்றினால் போதும். ஈஸ்ட்டில் இன்சுலின் தயாரித்த நோவோ நிறுவனத்தார் 1980களில் செய்தது இதுதான். 31 அமினோ அமில சி-பெப்டைடைத் தூக்கி எறிந்துவிட்டு, பி29 லைசினையும் ஏ சங்கிலியின் முதல் கிளைசினையும் அலனின்–அலனின்–லைசின் என்ற மூன்றே அமினோ அமிலப் பாலத்தால் இணைத்தார்கள். சங்கிலிகள் சரியாக மடிவதற்கு அந்தக் குட்டிப் பாலமே போதுமானதாக இருந்தது. இப்போது லைசினுக்குப் பின்னால் வெட்டினால் பாலம் முழுசாகக் கழன்று, ஏ சங்கிலி கிளைசினில் சுத்தமாகத் தொடங்கும், பி சங்கிலி 29-இல் முடியும்.

30-ஆவது திரியோனின்? அதை ஒட்டவைக்க வேண்டும். தண்ணீரைக் குறைத்து, கரிமக் கரைப்பானைக் கூட்டி, திரியோனின் எஸ்டரை ஏராளமாகக் கொட்டினால், வெட்டும் என்சைமே ஒட்டும் என்சைமாக மாறிவிடும். 1979-இல் ஜப்பானில் மொரிஹாராவின் குழு டிரிப்சினைக் கொண்டு பன்றி இன்சுலினின் 30-ஆவது அலனினை எடுத்துவிட்டுத் திரியோனினை வைத்தது இந்த உத்தியில்தான். பன்றிக்கும் மனிதனுக்கும் இன்சுலினில் வித்தியாசம் அந்த ஓர் இடம் மட்டுமே என்பதால், அதோடு மனித இன்சுலின் தயார். பின்னர் ஈஸ்ட் முன்னோடிக்கும் அதே உத்தி பயன்பட்டது.

இங்கேதான் என் எண்ணமே மாறியது. டிரிப்சின் வழியில் கழிவு என்று நாம் அடித்துத் துரத்துகிற திரியோனின் இல்லாத இன்சுலின், வேறு சிலருக்கு மூலப்பொருள். டெடிமிர், டெக்லுடெக் என்ற மாற்றியமைக்கப்பட்ட இன்சுலின்கள் இரண்டிலுமே 30-ஆவது திரியோனின் கிடையாது. பி29 லைசினில் கொழுப்பமிலச் சங்கிலி ஒன்று தொங்குகிறது, அவ்வளவுதான். அவற்றைப் போன்ற ஒன்றைச் செய்யப் போகிறீர்கள் என்றால் லைஸ்-சியும் குட்டிப் பாலமும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டிய வழி. ஒட்டும் படியே தேவையில்லை. சாதாரண மனித இன்சுலின்தான் வேண்டும், கையில் இருப்பது முழு புரோஇன்சுலின் என்றால், லைஸ்-சி பக்கம் போகவே வேண்டாம்.

மூன்றாவதாக, இரண்டு எழுத்து படிக்கத் தெரிந்த என்சைம்கள். ஈஸ்ட்டின் கெக்ஸ்2 இவற்றின் மூத்த அண்ணன். வெட்டும் இடத்துக்கு முன்னால் கட்டாயம் ஆர்ஜினின் வேண்டும், அதற்கும் முன்னால் லைசினோ ஆர்ஜினினோ இருந்தால் சந்தோஷம். இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புரோஇன்சுலினைப் பாருங்கள். பி29-இல் இருப்பது லைசின், அதற்கு முன் புரோலின். கெக்ஸ்2 சட்டை செய்யாது. பி22 ஆர்ஜினினுக்கு முன் குளூட்டமேட், அதுவும் பிடிக்காது. லைசின்–ஆர்ஜினின் சந்திப்பு அதன் உச்ச விருப்பம். பி சங்கிலிக்கு அடுத்த ஆர்ஜினின்–ஆர்ஜினின் சந்திப்பையும் வெட்டும், கொஞ்சம் மெதுவாக. வேண்டுமானால் அதையும் லைசின்–ஆர்ஜினின் என்று மாற்றி எழுதிக்கொள்ளலாம், எப்படியும் கழியப்போகிற எழுத்துதானே.

தேர்வுத்திறனை மட்டும் வைத்து மார்க் போட்டால் கெக்ஸ்2-தான் முதலிடம். பிறகு ஏன் எல்லோரும் டிரிப்சினிடமே போகிறார்கள்? டிரிப்சின் மலிவு, எங்கும் கிடைக்கும், நன்றாகப் படித்துவைக்கப்பட்டது. கெக்ஸ்2 இயல்பில் சவ்வில் பொதிந்திருக்கும் என்சைம். வாலை வெட்டிக் கரையக்கூடியதாக்கி, தனியாகத் தயாரித்து, கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கார்பாக்சிபெப்டிடேஸ் பி-யும் எப்படியும் தேவை. இன்னொரு விஷயம்: இதே கெக்ஸ்2 ஈஸ்ட்டுக்குள் இருப்பதால், இரட்டைக் கார இடங்கள் (லைசினோ ஆர்ஜினினோ அடுத்தடுத்து இரண்டு) உள்ள முழு புரோஇன்சுலினை ஈஸ்ட்டில் சுரக்கவைத்தால் உள்ளேயே அவசரப்பட்டு வெட்டிவிடும் ஆபத்து உண்டு. குட்டிப் பாலத்தில் இரட்டைக் கார இடம் எதுவும் இல்லாதது அந்த வகையிலும் நல்லதாயிற்று. புரதத்தைச் செல்லுக்கு வெளியே அனுப்புவதற்காக முன்னால் ஒட்டியிருக்கும் சுரப்புத் தலைவரிசையை மட்டும் கெக்ஸ்2 நறுக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதாவது ஈஸ்ட் வழியில் போகிறவர்களுக்கு கெக்ஸ்2 இலவச ஊழியர். வெளியிலிருந்து வாங்கிப் போடுவதென்றால் செலவுக் கணக்கு பார்க்க வேண்டும்.

நம் உடலில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் பயன்படுத்துவது இதே குடும்பத்து என்சைம்களான பிசி1/3-ஐயும் பிசி2-ஐயும். பிசி1/3 பி சங்கிலிச் சந்திப்பையும், பிசி2 ஏ சங்கிலிச் சந்திப்பையும் வெட்டுகின்றன என்பது எலி ஆய்வுகளிலிருந்து வந்த பழைய பாடம். மனித பீட்டா செல்களில் பிசி1/3 பெரும்பாலும் தனியாகவே இரண்டையும் சமாளிக்கிறது என்று 2020-ஐ ஒட்டிவந்த ஆய்வுகள் காட்டுகின்றன. பிசி1/3 நான்காவது எழுத்தையும் எட்டிப்பார்க்கிறது: வெட்டுமிடத்திலிருந்து பின்னோக்கி நான்காவதாகக் காரத்தன்மை கொண்ட ஒன்று இருந்தால் கூடுதல் விருப்பம். மனித புரோஇன்சுலினின் பி சங்கிலிச் சந்திப்பில் அந்த நான்காவது இடத்தில் இருப்பது யார் தெரியுமா? நம் பி29 லைசின். டிரிப்சினுக்கு இரையாகிற அதே லைசின், இயற்கையான என்சைமுக்கு வழிகாட்டிப் பலகை.

மீந்த ஆர்ஜினின்களை அங்கே கார்பாக்சிபெப்டிடேஸ் ஈ சீவுகிறது. சுரப்புத் துகள்களுக்குள் பிஹெச் சுமார் 5.5, கால்சியமும் ஏராளம். எல்லாம் அந்தச் சூழலுக்கே பழகியவை. ஒன்று கெட்டாலும் விளைவு உடனே தெரியும். கார்பாக்சிபெப்டிடேஸ் ஈ மரபணு பழுதான எலிகளின் இரத்தத்தில் புரோஇன்சுலின் குவிகிறது என்று 1995-இல் தெரியவந்தது. பிசி1/3 மரபணு பழுதான மனித நோயாளி ஒருவரைப் பற்றிய விவரம் 1997-இல் வந்தது. சிறுவயதிலேயே கடும் உடல்பருமன், இரத்தத்தில் இன்சுலினைவிடப் புரோஇன்சுலின் அதிகம்.

அப்படியானால் இந்த இயற்கைக் கூட்டணியையே குழாயில் போட்டால் என்ன? ஆய்வுக்குப் போடலாம், உற்பத்திக்கு வேண்டாம். பிசி2-க்கு 7பி2 என்ற துணைப்புரதம் இல்லாமல் ஆகாது. இரண்டுமே தயாரிக்கச் சிரமமானவை, டிரிப்சினோடு ஒப்பிட்டால் ஆமை வேகம். பீட்டா செல் அல்லாத வேறு செல்லில் இன்சுலின் சுரக்கவைக்க முயல்கிறவர்களுக்குப் பிசி1/3 இருக்காது, ஆனால் அதே குடும்பத்து ஃபியூரின் எல்லாச் செல்லிலும் உண்டு. நான்காவது இடத்தில் ஆர்ஜினின் கட்டாயம் என்பது ஃபியூரினின் நிபந்தனை. அதற்காகச் சந்திப்புகளை மாற்றி எழுதிய புரோஇன்சுலின்கள் 1990களிலிருந்தே இருக்கின்றன. மரபணு சிகிச்சை ஆய்வுக்கு அது சரியான தேர்வு, மற்றவர்களுக்குத் தேவையில்லாதது.

என்சைமே இல்லாமல் சமாளித்த காலமும் உண்டு. 1978-இல் அமெரிக்காவின் ஜெனென்டெக் நிறுவனமும் சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவ மையமும் ஏ, பி சங்கிலிகளைத் தனித்தனிப் பாக்டீரியாக்களில் செய்து, மெத்தியோனினில் வெட்டும் சயனோஜன் புரோமைடால் பிரித்தெடுத்தார்கள். இன்சுலினில் மெத்தியோனின் ஒன்றுகூட இல்லாதது அதிர்ஷ்டம். 1982-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற, லில்லி நிறுவனத்தின் ஹியூமுலின் இன்சுலின் அப்படி வந்ததே. ஆனால் இரண்டு தனிச் சங்கிலிகளைச் சரியான ஜோடியாகச் சேர்ப்பது பெரும்பாடு. 1986 வாக்கில் அவர்களே புரோஇன்சுலின் வழிக்கு மாறிவிட்டார்கள். இன்று இதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணமும் எனக்குத் தோன்றவில்லை.

மாற்றியமைக்கப்பட்ட இன்சுலின்கள் என்றால் கணக்கு மறுபடி புரளும். லிஸ்ப்ரோவில் 28-ஆவது புரோலினும் 29-ஆவது லைசினும் இடம் மாறியிருக்கின்றன. வேகமாகச் செயல்படுவதற்காகச் செய்த மாற்றம்தான், ஆனால் லைசினுக்கு அடுத்து புரோலின் வந்துவிட்டதால் டிரிப்சின் அங்கே வாயை மூடிக்கொள்கிறது. திரியோனின் இழப்புத் தொல்லை பெருமளவு ஒழிந்தது. குளுலிசினில் பி29 லைசினே இல்லை, குளூட்டமேட் இருக்கிறது. பதிலுக்குப் பி3-இல் புதிதாக ஒரு லைசின் முளைத்திருக்கிறது. லைஸ்-சியைக் கொண்டுபோனால் சங்கிலியின் தலையையே வெட்டிவிடும். கிளார்ஜினில் 31, 32-ஆவது ஆர்ஜினின்கள் இன்சுலினோடு இருந்தே ஆக வேண்டும், எனவே கார்பாக்சிபெப்டிடேஸ் பி-யை ஆய்வகத்தின் அந்தப் பக்கமே வைத்திருங்கள். ஊசி போட்ட பிறகு அந்த ஆர்ஜினின்களை உடலே சீவிக்கொள்கிறது. ஆனால் காவலாளி இல்லாத டிரிப்சின் 31-க்குப் பின்னாலும் வெட்டும், 29-க்குப் பின்னாலும் வெட்டும். நேரக் கட்டுப்பாடு இங்கே உயிர்நாடி.

சரி, முழு மனித புரோஇன்சுலின் கையில் இருக்கிறது, மனித இன்சுலின் வேண்டும், பெரிய முதலீடு இல்லை. என் கை டிரிப்சின்–கார்பாக்சிபெப்டிடேஸ் பி ஜோடிக்குத்தான் போகும். டிரிப்சினைக் குறைவாகவும் கார்பாக்சிபெப்டிடேஸ் பி-யைத் தாராளமாகவும் போட்டு, குளிர்ந்த நிலையில் வெட்டுவேன். மரபணுவை இன்னும் எழுதவில்லை, எல்லாம் காகிதத்தில்தான் இருக்கிறது என்றால் பதில் வேறு. ஈஸ்ட், குட்டிப் பாலம், லைஸ்-சி என்று தொடங்கச் சொல்வேன், திரியோனினை ஒட்டும் படியைச் சமாளிக்கும் தெம்பு இருந்தால்.

எதை எடுத்தாலும் முதலில் சிறு குழாயில் வெட்டிப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை துளி எடுத்து நிறைமானியில் போடுங்கள். மனித இன்சுலின் சுமார் 5808 டால்டன். ஓர் ஆர்ஜினின் ஒட்டியிருந்தால் 5964, இரண்டு ஒட்டியிருந்தால் 6120. அவை தென்பட்டால் கார்பாக்சிபெப்டிடேஸ் பி போதவில்லை என்று அர்த்தம். 4866 தெரிந்தால் பி22 போயிற்று, மடிப்பைச் சந்தேகியுங்கள். 5707 என்றால் திரியோனின் கழன்றது. அது தலைகாட்டியதும் அமிலம் விட்டு பிஹெச்சை 3-க்கு இறக்கிவிடுங்கள், 5-ஐ ஒட்டித் தயங்கி நிற்காதீர்கள், இன்சுலின் அங்கேதான் வீழ்படிவாகும். பிஹெச் 3-இல் டிரிப்சின் சாகவில்லை, தூங்குகிறது; நடுநிலைக்கு ஏற்றுவதற்கு முன்னால் அதைப் பிரித்துவிட வேண்டும்.